குழந்தைக்கு விட்டமின் டெஸ்ட் எடுக்கப் போகிறீர்களா? லேப் கவுண்டருக்கு வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது. எப்பப் பாரு அசந்து அசந்து படுத்துக்கிருது. எல்லா விட்டமினையும் ஒருவாட்டி பாத்துருங்க.” மதுரையில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். இப்படி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் டாக்டர் சீட்டு இருக்காது. செல்போனில் ஒரு பேக்கேஜ் விளம்பரம் இருக்கும், எழுபது டெஸ்ட், பாதி விலை என்று.

எல்லா விட்டமினையும் பார்க்கிற ஒரே டெஸ்ட் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு ரத்தமே வேண்டாம், குழந்தையைப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். நன்றாக ஓடியாடி விளையாடும் குழந்தைக்குச் சும்மா ஒரு தடவை விட்டமின் டி பார்த்து வைப்போம் என்பதை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமே பரிந்துரைக்கவில்லை. ஆகவே முதலில் குழந்தை டாக்டர், அவர் எழுதிக் கொடுத்தால் லேப். இந்த வரிசையை மாற்றினால் காசும் போகும், குழந்தையின் கையில் ஒரு குத்தும் வீணாகும்.

டாக்டரிடம் போகுமுன் வீட்டில் கவனிக்க வேண்டியது

பகல் வெளிச்சத்தில் குழந்தையின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை மூன்றும் வெளுத்திருந்தால் சோகை இருக்கலாம். மண், சாக்பீஸ், பச்சரிசி என்று எதையாவது எடுத்துத் தின்கிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு பால் குடிக்கிறது என்பதும் முக்கியம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பசும்பால் குடிக்கும் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் வெளுத்திருக்கும். பால் வயிற்றை அடைத்துவிடும், சோறு இறங்காது. பாலில் இரும்பும் மிகக் குறைவு. “பால்தான் குடிக்கிறானே, அப்புறம் எப்படிச் சத்து குறையும்?” என்று அப்பத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. சின்னப் பிள்ளைக்கு டீயில் பன்னை முக்கிக் கொடுத்துப் பசியாற்றும் வழக்கம் நம் ஊரில் நிறைய இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது விரல் முட்டிகள். நரம்பு தேடிக் கையைப் பிடிக்கும்போது எங்கள் கண்ணில் முதலில் படுவது இவைதான். சில குழந்தைகளுக்குப் புறங்கை சாதாரண நிறத்தில் இருக்கும், முட்டிகள் மட்டும் மை தடவியதுபோல் கறுத்திருக்கும். “வெயில்ல கிடந்து கறுத்துருச்சு” என்பார்கள். வெயில் பட்டால் கை முழுக்கக் கறுக்கும், முட்டியை மட்டும் தேர்ந்தெடுக்காது. இப்படி இருந்தால் பி12 குறைந்திருக்கிறதா என்று டாக்டர் யோசிப்பார்.

பி12 தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் உண்டு. முருங்கைக்கீரையை எவ்வளவு சாப்பிட்டாலும் இந்த ஒன்று மட்டும் வராது. 2016–18இல் நாடு முழுக்கக் குழந்தைகளிடம் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுக்குள் 14 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயதுக்குள் 31 சதவீதம் பேருக்கும் பி12 குறைவாக இருந்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வருகிறது. அதை உங்கள் பிள்ளை தின்கிறதா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் டாக்டருக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை, முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது சிரிப்பதை நிறுத்தினாலோ, நின்ற தலை மறுபடி துவண்டாலோ, கைகால் நடுங்கினாலோ லேப் தேடி அலையாதீர்கள். நேராகப் பெரியாஸ்பத்திரி (மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை) குழந்தைகள் பிரிவுக்கோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அம்மாவுக்கு பி12 குறைவாக இருந்தால் பாலிலும் குறையும், பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அப்போது அம்மாவுக்கும் சேர்த்தே ரத்தம் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் இதேதான். விட்டமின் டி குறைந்து கால்சியம் இறங்கினால் வலிப்பு வரலாம்.

கால் வில்போல் வளைவது, மணிக்கட்டு தடித்துப் போவது, நடக்கத் தாமதமாவது இவை விட்டமின் டி பக்கம் கை காட்டும். பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினாலோ, வெள்ளை விழியில் சோப்பு நுரைபோல் ஒரு திட்டு தெரிந்தாலோ அது விட்டமின் ஏ. இதற்கு ரத்தப் பரிசோதனைக்கு நேரம் கடத்தவே கூடாது. அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோ, பெரியாஸ்பத்திரி கண் பிரிவோ, அன்றைக்கே கண்ணைக் காட்டிவிடுங்கள். கண்ணைப் பார்த்ததும் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றிரண்டு பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை, ஈறில் ரத்தம் கசிந்து, கால் வலி என்று நடக்க மறுத்தால் விட்டமின் சி. அதை எக்ஸ்ரேயும் டாக்டர் கண்ணுமே பிடித்துவிடும்.

முடி கொட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விட்டமினையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு வாரச் சாப்பாட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பிஸ்கட், டீ, கடை முறுக்கு எல்லாமே அதில் வர வேண்டும். கொடுத்துக்கொண்டிருக்கும் டானிக் பாட்டில்களையும் வலிப்பு மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. சில வலிப்பு மருந்துகள் விட்டமின் டியைக் குறைக்கும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்

பெரும்பாலும் முதல் வரி சிபிசி. ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. விலை குறைவு, ஆனால் இவ்வளவு தகவல் சொல்லும் டெஸ்ட் வேறில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு, சிவப்பணு பெரிதா சிறிதா என்பது இதில் வந்துவிடும். சிறிதாக இருந்தால் இரும்பு, பெரிதாக இருந்தால் பி12 அல்லது ஃபோலிக் ஆசிட் என்று வழி பிரியும். கூடவே ஸ்மியர் எழுதியிருந்தால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இரும்புக்கு ஃபெரிட்டின், உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட். இரும்பு விட்டமின் இல்லைதான், ஆனால் சத்துக் குறைவு என்று வருகிற குழந்தைகளில் அதிகம் அகப்படுவது இதுதான். பி12க்குத் தனி டெஸ்ட், அதுவும் சந்தேகமாக வந்தால், பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனையும் சேர்ப்பார்கள். விட்டமின் டிக்கு 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி. இதே விட்டமினுக்கு 1,25 என்று தொடங்கும் இன்னொரு டெஸ்டும் இருக்கிறது. அது வேறு காரணங்களுக்கானது. குறைபாட்டுக் கணக்குக்கு 25தான் சரி. பில் போடும்போது கவுண்டரில் ஒருமுறை சொல்லிச் சரிபாருங்கள். எலும்பு வளைவு இருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் மூன்றும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் சேரும்.

எங்கே எடுப்பது

ஹீமோகுளோபின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம், காசு கிடையாது. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்து மருத்துவக் குழு வரும். சோகை, ரிக்கெட்ஸ் (விட்டமின் டி குறைந்து எலும்பு வளைவது), விட்டமின் ஏ குறைவால் வரும் கண் திட்டு எல்லாம் அவர்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கின்றன. உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு நேராக டவுனுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. மேற்கொண்டு தேவைப்பட்டால் அவர்களே பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

தனியார் லேப் என்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் (லேப்பின் தரத்துக்கான தேசிய அங்கீகாரம்) உண்டா, குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிற ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் மதிப்பு அதிகம். சின்ன லேப்களில் பி12, விட்டமின் டி மாதிரிகளை வெளியே பெரிய லேப்புக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளி வரும். அதில் தப்பில்லை. பேக்கேஜ் வாங்கச் சொன்னால், “டாக்டர் எழுதின நாலு மட்டும் தனியா எவ்வளவு?” என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்

டானிக், விட்டமின் சொட்டு மருந்து, பி12 ஊசி எதையும் டெஸ்டுக்கு முன் புதிதாகத் தொடங்காதீர்கள். மருந்துக் கடையில் “தம்பிக்கு சத்தே இல்லண்ணே, நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க” என்று வாங்கி ஒரு வாரம் ஊற்றிவிட்டு வந்தால், பி12 ரத்தத்தில் ஏறி நின்று ரிப்போர்ட் நார்மல் என்று வரும். குறை இருந்ததா இல்லையா என்பது அதன்பிறகு தெரியவே தெரியாது. ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயோட்டின் கலந்த முடி மருந்து கொடுத்திருந்தால் லேப்பிலும் சொல்ல வேண்டும். சில மெஷின்களில் அது விட்டமின் அளவுகளைத் தப்பாகக் காட்டும்.

காய்ச்சல், இருமல் இருக்கும்போது அவசரமில்லாத விட்டமின் டெஸ்டைத் தள்ளிப் போடுங்கள். உடம்பில் கிருமித் தொற்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், விட்டமின் ஏ பொய்யாக இறங்கும். தள்ளிப் போட முடியாதபோது கூடவே தொற்று, அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பியையும் பார்த்து டாக்டர் கணக்கைச் சரிசெய்துகொள்வார்.

வெறும் வயிறு? சிபிசிக்கும் ஃபெரிட்டினுக்கும் விட்டமின் டிக்கும் வேண்டாம். பி12க்குச் சில லேப்களில் கேட்பார்கள், சீரம் அயர்னுக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வருவது நல்லது. போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைப் பட்டினி போட்டுக் கூட்டி வராதீர்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு எப்படியிருந்தாலும் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சித்திரை வெயிலில் ஷேர் ஆட்டோவில் வாடி வதங்கி வருகிற பிள்ளைக்கு நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கைப்பகுதி தளர்வான சட்டை போடுங்கள். ஊசி என்றால் அலறும் பிள்ளையானால், மரத்துப் போகச் செய்யும் கிரீமை டாக்டரிடம் கேட்டு வாங்கி, அவர் சொல்கிற அளவில் ஒரு மணி நேரம் முன்பே தடவி வரலாம்.

ஊசி போடும் அந்த ஐந்து நிமிடம்

“வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்தினதும் வலிக்கும், அத்தோடு அந்தப் பிள்ளை உங்களையும் நம்பாது, எங்களையும் நம்பாது. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்” என்பது போதும். மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் மார்போடு அணைத்து, இன்னொரு கையால் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், அழுகை நன்றாகக் குறையும். அம்மாச்சி, சித்தி, மாமா என்று நாலு பேர் சுற்றி நின்று “ஐயோ, பாத்து, பாத்து” என்றால் பிள்ளைக்கு பயம் இரட்டிப்பாகும். ஒருவர் போதும்.

சிபிசிக்கு ஊதா மூடி டியூப், மற்றவற்றுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மில்லிதான் வரும். “இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சுறீங்களே” என்று கோபப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் 750 மில்லி ரத்தம் ஓடுகிறது.

ரத்தம் எடுத்ததும் ஊதா டியூப்பை எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவோம். உள்ளே இருக்கும் மருந்து கலக்காவிட்டால் ரத்தம் கட்டி தட்டிவிடும், மெஷினில் போட முடியாது. பிள்ளை கையை உதறி, ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்து, அணுக்கள் உடைந்துபோனாலும் மறுபடி கூப்பிடுவோம். அப்படி போன் வந்தால் பெரிய வியாதியோ என்று பதற வேண்டாம், மாதிரிதான் கெட்டிருக்கும். விரலில் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபினிலும் இதேபோல் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசு நீரும் கலந்து அளவு மாறிவிடும். சந்தேகம் வந்தால் நரம்பில் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

இங்கேதான் பாதிப் பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று வந்ததெல்லாம் நோய் ஆகாது.

விட்டமின் டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய லேப்கள் பெரியவர்களுக்கான வரம்பையே எல்லோருக்கும் அச்சடிக்கின்றன: 30க்கு மேல் இருந்தால்தான் போதுமானது என்று இருக்கும். குழந்தைகளுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு. ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதும், 12 முதல் 20 வரை பற்றாக்குறை, 12க்குக் கீழே போனால்தான் குறைபாடு. ஆகவே 24 என்று வந்த ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்று போட்டிருந்தாலும், நன்றாக வளரும் பிள்ளைக்கு அது போதுமான அளவு. நல்லவேளை இது டாக்டர்களுக்குத் தெரியும். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

அலகையும் பாருங்கள். நானோமோல் என்று கொடுத்திருந்தால் இரண்டரையால் வகுத்தால் நானோகிராம் கணக்கு வரும். போன வருட ரிப்போர்ட் ஒரு அலகிலும் இந்த வருடம் வேறு லேப்பில் வேறு அலகிலும் இருந்தால், ஏறியதா இறங்கியதா என்று தெரியாமல் குழம்புவீர்கள். முடிந்தால் ஒரே லேப்பில் எடுங்கள்.

இவ்வளவு வெயில் அடிக்கிற மதுரையில் எப்படி விட்டமின் டி குறையும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோலில் நேராக விழும் வெயில் வேண்டும், அதுவும் சூரியன் மேலே ஏறிய பிறகுள்ள வெயில். காலை ஏழு மணி இளவெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு, ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அது வராது. வெயில் ஏறிய நேரம் முழுக்க நம் பிள்ளைகள் வேனிலும் வகுப்பிலும் இருக்கிறார்கள், சாயங்காலம் டியூஷன். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வெயில் தேவைப்படும்.

ஹீமோகுளோபின் (ஒரு டெசிலிட்டருக்கு கிராம் கணக்கில்) இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 11, ஐந்திலிருந்து பதினொன்றுவரை 11.5, பன்னிரண்டிலிருந்து பதினான்குவரை 12. இதற்குக் கீழே வந்தால் சோகை. ஃபெரிட்டின் (ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்கில்) ஐந்து வயதுக்குள் 12க்கும், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 15க்கும் கீழே வந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பதும் உண்டு. சோகை இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. சிவப்பணு ரொம்பச் சிறிதாக இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால், தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் குணம் குடும்பத்தில் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு டெஸ்ட் எழுதுவார்கள். அதற்கு இரும்பு மருந்து தீர்வாகாது.

பி12 அளவு ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பி12 குறைந்தால் சிவப்பணு அளவில் பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் ஒரே பிள்ளைக்குக் குறைந்திருந்தால் சராசரி அளவு நார்மல் என்று காட்டிவிடும். ஸ்மியரும் தனி டெஸ்ட்களும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம், “எதுக்கு இத்தனை?” என்று டாக்டரிடம் சலித்துக்கொள்ள வேண்டாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தாலும் ரத்தம் தேறியதுபோல் காட்டும், பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மருந்து தொடங்கிய பிறகு

விட்டமின் டி மருந்தில் அளவுக் குழப்பம் ஆபத்தானது. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள சொட்டு மருந்தும் கிடைக்கிறது, 800 உள்ளதும் கிடைக்கிறது. ஐந்து மில்லி குட்டிப் பாட்டிலில் 60,000 யூனிட் அடைத்ததும் அதே கடையில் அதே அலமாரியில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு ஒரு வயதுவரை தினமும் வேண்டியது 400 யூனிட்தான். வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொன்ன 60,000ஐத் தினமும் ஊற்றிவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், சிறுநீர் அதிகம் போவது என்று படுக்கையில் போட்டுவிடும். பாட்டிலில் உள்ள எண்ணைக் கடைக்காரர் முன்னாலேயே சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே விட்டமின் மூன்று டானிக்கில் மூன்று பெயரில் ஒளிந்திருக்கலாம் என்பதால் எல்லாப் பாட்டிலையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

விட்டமின் ஏ சொட்டு மருந்தை அரசே ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறது. தடுப்பூசி அட்டையில் அது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பதிவாகியிருந்தால் கடையில் வாங்கிக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், ஏ விட்டமினும் உடம்பில் தேங்கி நஞ்சாகும். பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்பு மாத்திரை, சின்ன வகுப்புக்கு பிங்க், பெரிய வகுப்புக்கு நீலம், அதைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மறு டெஸ்டுக்கு அவசரப்படாதீர்கள். விட்டமின் டியைப் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் பார்ப்பார்கள், ரிக்கெட்ஸ் இருந்தால் எக்ஸ்ரேயை இன்னும் முன்னதாகவே எடுப்பார்கள். இரும்பு மருந்துக்கு ஹீமோகுளோபினை ஒரு மாதத்தில் பார்ப்பது வழக்கம். அது ஏறிவிட்டது என்று பாட்டிலை மூடி வைக்கக்கூடாது. கையிருப்பு நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் கொடுக்கச் சொல்வார்கள், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தவும் வேண்டாம். பி12 மட்டும் சீக்கிரம் தெரியும். மருந்து தொடங்கிய ஒரு வாரத்துக்குள் புது சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறும், அதற்கு ரெட்டிகுலோசைட் என்று சீட்டில் எழுதுவார்கள். அடுத்த முறை வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். செல்போனில் போட்டோ இருந்தால்கூடப் போதும், அலகு எழுதியிருக்கும் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும்.